ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தீர்ப்பு

ஆர்லிஸ் பிக்கெட்டுக்கு ஐம்பத்தேழாவது வயதில் மறுபடி கல்யாண ஆசை வந்தது. வந்ததில் தப்பில்லை. பெண்ணும் சரியென்று சொல்லியாகிவிட்டது. குறுக்கே நின்றது ஒரு காகிதம்தான். இருபது வருஷத்துக்கும் முந்தி அவனுக்கும் டார்லாவுக்கும் ஆன விவாகரத்துத் தீர்ப்பு. அவன் கையிலிருந்த நகல் வீட்டோடு போய்விட்டது. ஒரு ஏப்ரல் மாதம் வந்த சூறாவளி அவனுடைய டிரெய்லர் வீட்டைத் தூக்கி, பழைய சட்டை கிழிகிற மாதிரிக் கிழித்து, மாட்டு மேய்ச்சலில் எறிந்தது. ஐஸ் பெட்டி கிடைத்தது. காகிதங்கள் இருந்த தகரப் பெட்டி கிடைக்கவில்லை.

மிசிசிப்பியின் பைன் காட்டுப் பக்கத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பனோடு மரம் வெட்டப் போனான். பிறகு மர லாரி. காட்டிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து காட்டுக்கு. மழை பெய்தால் லாரி காட்டுக்குள் இறங்காது, சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். அதனால் மழை நாள்தான் மர லாரிக்காரனுக்கு லீவு நாள். பல் பிடுங்குவது, லைசென்ஸ் புதுப்பிப்பது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் மழையில்தான்.

டார்லாவின் விஷயம் அவனுக்குத் தெரியவந்ததும் ஒரு மழை நாளில்தான். நேரத்தோடு வீடு திரும்பியவன் வாசலில் கேஸ் கம்பெனி லாரி நிற்பதைப் பார்த்தான். கேஸ் நிரப்புகிற குழாய் சுருட்டினபடியே இருந்தது, வீட்டு டாங்கியில் மாட்டவேயில்லை. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு மில்லுக்கே போய் ராத்திரி வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. கேஸ்காரன் கொஞ்ச நாளில் லூசியானாப் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். டார்லா ஆற்றுக்குக் கிழக்கே அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். எட்டு வயசு கெண்ட்ரா அப்பாவிடம் தங்கினாள்.

பெண் பிள்ளையைத் தனியாக வளர்ப்பதென்றால் என்னவென்று ஆர்லிஸுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சங்கிலி போட்டு மரத்தைக் கட்டத் தெரிந்த கைக்குச் சடை பின்னத் தெரியவில்லை. ஒரு நாள் கோணல், மறுநாள் அதைவிடக் கோணல். திடீரென்று ஒரு வாரமாகச் சடை நேராக இருந்தது. விசாரித்தால், பள்ளிக்கூடச் சமையல்கட்டில் சோறு போடுகிற நெல்டா அம்மாள் தினமும் காலையில் பின்னி விடுகிறாள் என்றாள் பிள்ளை. ஆர்லிஸ் ஒரு கூடை தக்காளி கொண்டுபோய்ச் சமையல்கட்டுக் கதவருகில் வைத்துவிட்டு வந்தான். அவ்வளவுதான். அப்போது நெல்டாவின் புருஷன் உயிரோடு இருந்தான். அவன் செத்து, கெண்ட்ராவுக்குக் கல்யாணமாகி, அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் இவர்களுக்குள் கல்யாணப் பேச்சே வந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் நெல்டா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவான். அக்கம்பக்கத்தான் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிற ஊர். அதைவிட, நெல்டா போகிற கிறிஸ்தவச் சபை அப்படிப்பட்டது. விவாகரத்து ஆனவன் மறுபடி கல்யாணம் செய்யக்கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. முதல் துணை விபசாரம் செய்து, அதனால் தள்ளிவைத்திருந்தால், பாவம் செய்யாத பக்கத்துக்கு மட்டும் மறுமணம் உண்டு. மற்றபடி விவாகரத்து ஆனவனைக் கட்டினால், கட்டினவளையும் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நெல்டா பிறந்ததிலிருந்து அந்தச் சபை. அவள் அண்ணன் வெஸ்டர் அங்கே சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர்.

வெஸ்டர் டிராக்டர் உதிரிக்கடை வைத்திருக்கிறவர். ஒரு வெள்ளிக்கிழமை தங்கை வீட்டுக்கு மீன் சாப்பிட வந்தவர், விஷயத்தை மேஜையிலேயே போட்டு உடைத்தார்.

"பிரதர் ஆர்லிஸ், தங்கச்சிக்கு நல்லது நடந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா எனக்குப் பேப்பர் வேணும்."

"நான் சொன்னேனே, அவதான் தப்புப் பண்ணினான்னு."

"சொன்னீங்க. நான் நம்பறேன். போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான், நம்பினோம், பாட்டுப் பாடிக் கல்யாணம் பண்ணி வச்சோம். அப்புறம் பாத்தா அவன்தான் ரெண்டு ஊர்ல ரெண்டு குடித்தனம் வச்சிருந்திருக்கான். அதோட முடிவு பண்ணிட்டோம். கோர்ட்டுத் தீர்ப்புல என்ன காரணம் போட்டிருக்கோ அதைப் பாத்துட்டுத்தான்."

"அண்ணே, முள்ளு பாத்துச் சாப்பிடுங்க," என்றாள் நெல்டா. "பேசிக்கிட்டே முழுங்கினா போன தடவை மாதிரி நான்தான் முதுகுல குத்தணும்."

"நீ குத்தறது முள்ளுக்காகன்னு எனக்குத் தோணலை."

"ரெண்டுக்கும் சேத்துத்தான்."

அவர் போன பிறகு ஆர்லிஸ் தேநீர்க் கோப்பையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என்ன யோசனை? போய் வாங்கிட்டு வர வேண்டியதுதானே," என்றாள் அவள்.

"கோர்ட்டுல அதை மூடி வச்சிருப்பானோன்னு பயமா இருக்கு. அப்ப வக்கீல் கிரென்ஷாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேஸ்காரன் பேரு, நாளு, எல்லாம். அவரும் மஞ்சத்தாள்ல எழுதிக்கிட்டாரு. கடைசில நான் சொன்னேன், ஐயா, கோர்ட்டுப் புஸ்தகத்தை யார் வேணும்னாலும் பிரிச்சுப் படிக்கலாமாமே, நாளைக்கு என் பொண்ணு வளந்து போய்ப் படிச்சா என்ன பண்றது, இது வெளில வராம பாத்துக்குங்கன்னு. அதை நான் பாத்துக்கறேன்னாரு. மில்லு வாசல்ல, லாரி பானட்டு மேல வச்சுக் கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. கோர்ட்டு வாசலையே நான் மிதிக்கலை."

"படிச்சுப் பாக்கலையா?"

"லாரில லோடு நின்னுக்கிட்டிருந்துச்சு. இருபது பக்கத்தை நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள மில்லை மூடிருவான்."

"கிரென்ஷாவைக் கேளு."

"அவரு செத்து எவ்வளவோ காலமாச்சு."

முதல் மழை வந்ததும் டன்பாரில் இருக்கிற கோர்ட்டுக்குப் போனான். மழை நாளானதால் வராந்தா முழுக்க மர லாரிக்காரர்கள், சேற்றுப் பூட்ஸோடு. கிளார்க்கு ஜன்னலில் கேசி என்ற சின்னப் பெண் இருந்தாள். ஒரு காலத்தில் கெண்ட்ராவோடு விளையாடினவள்.

"மாமா, எங்க இந்தப் பக்கம்? மறுபடியும் எவன் வேலியையாவது இடிச்சுட்டீங்களா?"

"விவாகரத்துப் பேப்பர் வேணும். என்னோடது."

கம்ப்யூட்டரில் தட்டினாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு உள்ளதுதான் அதில் இருக்கிறதாம். பழசெல்லாம் கீழே, நிலவறையில், புத்தகத்தில். சாவியைக் கொடுத்தாள், கூட வரவில்லை. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பொது ஆவணம். கீழே ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் இமைத்துக்கொண்டிருந்தது. கல்லறைப் பலகை கனத்துக்குப் புத்தகங்கள். ஆர்லிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தான். ஊரில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருடைய சண்டையும் அங்கே இருந்தது. தன்னைத் தவிர. மதியம் வரைக்கும் தேடிவிட்டு மேலே வந்தான்.

"இல்லையே."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் பாத்தீங்களா? ப்ரூயிட் கோர்ட்டுல?"

ஆர்லிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எதுக்கு அந்தப் பக்கம் போறேன்? எனக்கு மறைக்க என்ன இருக்கு?"

அந்த மாவட்டத்தில் இரண்டு கோர்ட்டு. நடுவில் சிக்காலா ஆறு. மழைக்காலத்தில் ஆறு ரோட்டை முழுங்கிவிடும் என்பதால் பாட்டன் காலத்திலேயே கரைக்கு ஒரு கோர்ட்டாகக் கட்டிவிட்டார்கள். இவர்கள் புத்தகம் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் புத்தகம் இவர்களுக்குத் தெரியாது. கரைக்கு ஒரு வாரப் பத்திரிகையும் உண்டு. அந்தந்தக் கரைக் கோர்ட்டில் பதிவாகும் விவாகரத்தெல்லாம் அந்தந்தப் பத்திரிகையில் பேரோடு வரும், பன்றிக்குட்டி விற்பனைக்குப் பக்கத்திலேயே. அதனால் மேற்குக் கரைக்காரன் வழக்கைக் கிழக்கே கொண்டுபோய்ப் போடுவான், கிழக்குக் கரைக்காரன் மேற்கே வருவான். மானம் தப்பிவிட்டதென்று நினைப்பு. எல்லாரும் அப்படியே செய்ததால் எல்லாரும் எதிர்க்கரைப் பத்திரிகையைத்தான் வாங்கிப் படித்தார்கள். இப்படி ஆறு தாண்டுகிறவர்களை ஆர்லிஸ் வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தவன்.

அதனால் அவன் கிழக்கே போகவில்லை. நெல்டா தன் டேப்லெட்டை எடுத்தாள். விவாகரத்து ஆவணம் தேடித் தருவோம் என்று ஒரு இணையதளம். பெயரைப் போட்டதும் சக்கரம் சுற்றியது. கிடைத்துவிட்டது என்று காட்டியது, மறுபடி சுற்றியது, அதிர்ச்சிக்குத் தயாராகுங்கள் என்று எச்சரித்தது.

"அதிர்ச்சியா? எனக்குத் தெரியாதது என்ன சொல்லப் போறான்," என்றான் ஆர்லிஸ்.

கடைசியில் கார்டு நம்பர் கேட்டது. நெல்டா போட்டாள். ஜார்ஜியாவில் இருக்கிற வேறொரு ஆர்லிஸ் பிக்கெட்டின் விலாசம் வந்தது, அவன் படகு வைத்திருக்கிறான் என்ற தகவலும்.

"படகெல்லாம் வச்சிருக்கானாம். பேசாம இவனையே கட்டிக்கறேன்," என்றாள்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. தலைநகரத்தில் இருக்கிற அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டான். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு ஆள் எடுத்து, தீர்ப்பெல்லாம் எங்களிடம் இருக்காது, அந்தந்த மாவட்டத்துக் கோர்ட்டில்தான் கேட்கவேண்டும் என்றான். "எந்தக் கோர்ட்டுன்னு தெரியாமத்தானே உங்களைக் கேக்கறேன்," என்றான் ஆர்லிஸ். "அப்ப எல்லாக் கோர்ட்டுலயும் கேளுங்க," என்று அந்த ஆள் வைத்துவிட்டான்.

வேறு வழியில்லை. ரோஷத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிழக்கே போவதென்று முடிவு பண்ணினான். முடிவு பண்ணினால் மட்டும் போதுமா? மழை பெய்தால் இவனுக்கு லீவு, ரோட்டின்மேல் ஆறு. வெயில் அடித்தால் ரோடு திறந்திருக்கும், இவனுக்கு லோடு. அந்த மாதம் முழுக்க இதே ஆட்டம். ஒருதரம் தண்ணீர் வடிந்திருக்குமென்று நம்பிப் போய், தடுப்பு வைத்திருந்த போலீஸ்காரனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பினான். கடைசியில் ஒரு வெயில் நாளில் லோடை விட்டுவிட்டுப் போனான். மில்லு மேஸ்திரி போனில் கத்தினான். ப்ரூயிட் போய்ச் சேர்ந்தால் கிளார்க்கு ஆபீஸ் கதவில் சீட்டு, சாப்பாட்டுக்குப் போயிருக்கிறோம். காத்திருந்தான். திறந்ததும், இன்றைக்கு நீதிபதி வந்து உட்கார்ந்திருக்கிறார், வழக்கு முடிகிறவரைக்கும் புத்தக அறை கிடையாது, நாளைக்கு வா என்றார்கள்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு, அம்மா."

"எனக்கு இன்னிக்கே இருக்கு, ஐயா," என்றாள் ஜன்னலில் இருந்தவள். மிஸ் யூலா என்று எல்லாரும் கூப்பிடுகிற கறுப்பினப் பெண்மணி. கண்ணாடிச் சங்கிலி கழுத்தில் ஆடியது.

அடுத்த வாரம் மறுபடி ஒரு லோடை விட்டுவிட்டுப் போனான். இந்தமுறை புத்தக அறை திறந்திருந்தது. உள்ளே எண்ணெய்க் கம்பெனிக்கு நிலப் பத்திரம் தேடுகிற ஆட்கள் மேஜையெல்லாம் விரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் இடுக்கில் நின்றபடியே இவன் தேட ஆரம்பித்தான். பிக்கெட் என்று இரண்டாவது புத்தகத்திலேயே வந்துவிட்டது. டார்லா பிக்கெட், ஆர்லிஸ் பிக்கெட். கிரென்ஷா ஆற்றைத் தாண்டித்தான் கொண்டுவந்து போட்டிருக்கிறார். பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, இதுதான் அது. ஆர்லிஸுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சந்தோஷம். பூட்டி வைக்கவில்லை, கிடைத்துவிட்டது.

மிஸ் யூலா வழக்குக் காகிதக் கட்டை எடுத்து வந்து கவுன்டரில் வைத்தாள். ஆர்லிஸ் ஈரம் தொட்டுத் தொட்டுப் புரட்டினான். பிள்ளை யாரிடம், லாரி யாருக்கு, வீட்டுச் சாமான் யாருக்கு, கோழிக்கூண்டு யாருக்கு என்பது வரைக்கும் இருந்தது. தீர்ப்புப் பக்கம் வந்தது. மெதுவாகப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"அம்மா, இது முழுசா இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அவ பண்ணினது எங்க? கேஸ்காரன் பேரு எங்க?"

மிஸ் யூலா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "சரிசெய்ய முடியாத கருத்து வேற்றுமைன்னு போட்டிருக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுக் கேட்டிருக்கீங்க. யார் மேலயும் குத்தம் இல்லை."

"குத்தம் இருக்கு. நான் வக்கீல்கிட்டச் சொன்னேன்."

"வக்கீல்கிட்டச் சொன்னது வக்கீலோட. கோர்ட்டுல போடலையே."

"வெளில தெரியாம மூடி வைங்கன்னுதான் சொன்னேன். எழுதவே வேணாம்னா சொன்னேன்?"

"இங்க எதையும் மூடி வைக்கறதில்லை ஐயா. இது பொதுச் சொத்து. உங்களைத் தெரியாதவன்கூட வந்து படிக்கலாம். அதுக்குத்தான் விவரமானவங்க எழுதாம விடறாங்க." பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இது உங்க கையெழுத்துதானே?"

அவனுடையதுதான். கோணலாக, லாரியில் லோடு நிற்கிற அவசரத்தில் போட்டது.

பத்திரம் தேடுகிற ஆட்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்து, "எல்லாருக்கும் அதுதாங்க போட்டிருக்கும். எங்கப்பா அம்மாவுக்கும் அதான்," என்றான். ஆர்லிஸ் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டான்.

முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் செத்துப்போன கிரென்ஷாவைத் திட்டிக்கொண்டே வந்தான். பாலத்துக்கு வந்தபோது, அந்த மனுஷன் நான் கேட்டதைத்தானே செய்தான் என்று தோன்றியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெஸ்டர் கடையிலேயே நின்றபடி அதைப் படித்தார். விரலில் கிரீஸ். காகிதத்தில் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணும் இல்லையே, பிரதர்."

"இல்லைன்னு எனக்கும் தெரியுது. ஏன் இல்லைன்னுதான் சொல்றேன், கேளுங்க." சொன்னான், கெண்ட்ராவுக்காக மறைத்தது வரைக்கும்.

வெஸ்டர் காகிதத்தை மடித்து அவனிடமே நீட்டினார். கெட்ட மனுஷன் இல்லை. "டார்லா ஒரு வரி எழுதித் தரட்டும். ஆமா, நான்தான்னு. அதை வச்சு மத்த மூப்பர்ங்ககிட்ட நான் பேசறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

டார்லா இப்போது கிழக்கே மீன் தூண்டில் கடையில் இருக்கிறாள். வேறொருவனைக் கட்டி, அவனோடு நிம்மதியாக இருக்கிறாள். கெண்ட்ரா வேலைக்குப் போகிற நாட்களில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். ஆர்லிஸ் போனபோது புழுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷத்துக்கு அப்புறம் வந்து, நான் கெட்டுப் போனேன்னு எழுதிக் குடுன்னு கேக்கற முத ஆளு நீதான்யா," என்றாள்.

"எனக்கு மட்டும் ஆசையா? அவங்க கேக்கறாங்க."

"எழுதித் தரேன். பொய்யில்லையே. உனக்குப் பண்ணினதுக்கு இதாவது பண்ணணும்." கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தச் சபைல வாசிப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு கரைக்கும் தெரிஞ்சிடும். கெண்ட்ரா அதைக் கடைத்தெருவுல கேக்கக்கூடாது. முதல்ல நீ அவகிட்டச் சொல்லு. சொல்லிட்டு வா, தரேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ சொல்லு."

"நானா மறைச்சேன்? மறைச்சது நீ."

அவன் நேராக மகள் வீட்டுக்குப் போனான். கெண்ட்ரா சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வேலை நாளில் வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. உங்கம்மாவைப் பாத்தேன்."

"சண்டை போட்டீங்களா?"

"இல்லை. அந்தக் காலத்து விஷயம் ஒண்ணு பேசினோம்."

கெண்ட்ரா துண்டால் பிள்ளையைச் சுற்றினாள். "அப்பா, அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு? எனக்கு யார் மேலயும் கோவம் இல்லை. நீங்க எப்பப் பாத்தாலும் ரோட்டுல இருந்தீங்க, அம்மா தனியாக் கிடந்தாங்க. சில பேருக்கு ஒத்துவராது. நானே என் புருஷன்கிட்டச் சொல்லுவேன், எங்கப்பா மாதிரி ஓவர்டைம் பாக்காதே, குடும்பம் உடைஞ்சிடும்னு."

ஆர்லிஸ் வாயைத் திறந்தான். சின்னவன் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஆத்தாகிட்டேருந்து புழு கொண்டாந்தியா?" என்று கேட்டான். டார்லாவைத்தான் அவன் அப்படிக் கூப்பிடுவான்.

"அடுத்த தடவை," என்றான் ஆர்லிஸ். ஒரு கோப்பை காபி குடித்துவிட்டு வந்துவிட்டான்.

அன்றைக்கு நெல்டா வீட்டில் சோள ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான்.

"சொல்லியிருக்கலாம். அவ பெரிய பொண்ணு, தாங்கிக்குவா," என்றான் கடைசியில். "என் வாய்தான் வரலை. இத்தனை நாள் பழியை நான் சுமந்திருக்கேன்னே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். இருந்தாலும் வரலை. நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன். நீ அந்தச் சபைலயே பொறந்தவ."

நெல்டா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"போகாதே."

"அப்ப பேப்பர்?"

"அந்தப் பொண்ணு தலையை நான் நாலு வருஷம் பின்னியிருக்கேன். எங்கண்ணன் கேக்கற காகிதத்துக்காக அதைக் கொண்டுபோய் ஒரு கல்லுல இடிக்கச் சொல்றியா? வேணாம்." துணியை உதறிப் போட்டாள். "செவ்வாக்கிழமை மழைன்னு சொல்றான். டன்பாருக்குப் போவோம்."

"உன்னை நீக்கிடுவாங்க, நெல்டா."

"தெரியும். சாப்பிடு."

அவன் வாதாடிப் பார்த்தான். அவளுக்குக் கோபம் வந்தது. உனக்காக நான் சபையை விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு காலம் பூரா மூஞ்சியைத் தொங்கப் போடாதே, அதை என்னால் பார்க்க முடியாது என்றாள். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. கல்யாண லைசென்ஸ் தருகிற ஜன்னல் கேசியின் ஆபீசுக்கு நேர் எதிர்ப்புறம். அங்கிருந்தவன் ஆர்லிஸிடம் முதல் கல்யாணம் எந்த வருஷம் முடிந்ததென்று கேட்டான். சொன்னதும் எழுதிக்கொண்டான். தீர்ப்பைக் கேட்கவேயில்லை. ஆர்லிஸ் மடித்து வைத்திருந்ததைத் தானாகவே எடுத்து நீட்டினான்.

"அதெல்லாம் வேணாங்க."

"ஒருதரம் பாருங்க. இதுக்காக ரெண்டு மாசமா அலைஞ்சிருக்கேன்."

"எனக்கு வருஷம் போதும்," என்றான் அவன். நெல்டா ஆர்லிஸின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாடியில் இருந்த சின்ன நீதிபதி ஒருவர், கால்சட்டையில் சேறு தெறித்தபடி வந்து நின்று, கல்யாணத்தை முடித்து வைத்தார். சாட்சிக்கு வராந்தாவிலிருந்து இரண்டு மர லாரிக்காரர்கள்.

மூப்பர்கள் ஒரு மாதம் பொறுத்தார்கள். வெஸ்டர்தான் இழுத்தடித்திருக்கவேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நீக்குகிற அறிவிப்பைச் சபையில் வாசிப்பதென்று முடிவானது. நெல்டா வழக்கம்போல நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"இன்னிக்கு எதுக்குப் போறே?" என்றான் ஆர்லிஸ்.

"என் பேரை வாசிக்கறப்ப நான் இல்லாம எப்படி?"

அவன் உள்ளே போகவில்லை. பிக்கப் வண்டியைச் சரளைக்கல்லில் நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கி உட்கார்ந்திருந்தான். வெக்கை. உள்ளே வெஸ்டரின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. நடுவில் ஒருதரம் நின்றது, தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தது. முடிந்ததும் பாட்டு. பியானோ, கித்தார் எதுவும் கிடையாது அந்தச் சபையில், வெறும் தொண்டைதான். முதல் வரி தள்ளாடித்தான் வந்தது. இரண்டாவது வரியில் கீழ்க்குரல் ஒன்று சேர்ந்தது. ஆர்லிஸுக்கு அந்தக் குரலைத் தெரியும், பாத்திரம் கழுவும்போது தினமும் கேட்கிறான். யாராவது நிறுத்தச் சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை போல. பாட்டு கடைசி வரைக்கும் போனது.

எல்லாரும் வெளியே வந்தார்கள். பெண்கள் நெல்டாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள், பள்ளத்தைச் சுற்றிப் போவது போல. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே வெஸ்டர் வந்து அவள் பக்க ஜன்னலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"நெல்டா, அடுத்த வாரமும் வருவியா?"

"வருவேன்."

"பேரை எடுத்தாச்சும்மா. உறுப்பினர் இல்லை நீ."

"பேரைத்தானே எடுத்தீங்க, அண்ணே. பெஞ்சு அங்கயேதானே கிடக்கு."

வெஸ்டர் கதவின்மேல் கையை வைத்தபடியே நின்றார். அவர் கையை எடுக்கட்டும் என்று ஆர்லிஸ் காத்திருந்தான். எடுக்கவில்லை. இவனுக்குப் பொறுக்கவில்லை.

"மூப்பரே, வெள்ளிக்கிழமை மீன் இருக்கு. நீக்கின வீட்டுல சாப்பிடலாமா கூடாதான்னு உங்க ஆளுங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க. இப்பக் கையை எடுங்க, வெயில் கொல்லுது."

வெஸ்டர் கையை எடுத்தார். ஆர்லிஸ் வண்டியைக் கிளப்பினான். நெல்டா ரோடு வரைக்கும் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய ரோட்டில் ஏறின பிறகுதான் கைக்குட்டையை எடுத்தாள்.